சந்தேகம் பன்றியின் மேல்தான்

லுவோ டீச்சர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கொஞ்சம் படித்தவராகத் தெரிந்தால் போதும், டீச்சர் ஆக்கிவிடுவோம். அவர் வேலை, விளையாட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் கறியில் ஹார்மோன் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது. என் வேலை அந்தக் கறியைச் சமைப்பது. எங்கள் இரண்டு பேருக்கும் ஏன் ஆகாது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சாங்ஷா நகரத்துக்கு வெளியே இருக்கும் மாகாண விளையாட்டுப் பயிற்சி மையத்தில் நான் தலைமைச் சமையல்காரன். பெயர் பெங். பிள்ளைகளுக்கு பெங் மாஸ்டர். பளு தூக்குபவர்கள், மல்யுத்தக்காரர்கள், ஜூடோக்காரர்கள் என்று மாடு மாதிரி உழைத்துவிட்டு வரும் கூட்டம். பசியென்றால் அப்படியொரு பசி. காலையில் கறி வந்து இறங்கும். நான் மிளகாயைக் கிள்ளி, இஞ்சியைத் தட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். டீச்சர் வெள்ளைக் கோட்டோடு வருவார். ஒவ்வொரு பன்றியிலும் சதையில் ஒரு துண்டு, ஈரலில் ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஆய்வகத்துக்குள் நுழைந்துவிடுவார். அவர் சரி என்று சொல்லும்வரை கறி குளிர் அறையில் கிடக்கும். அன்றைய சமையலுக்கு முந்தின தடவை பாஸான கறிதான். புத்தம்புதுக் கறியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பழையதைச் சமைப்பதில் எந்தச் சமையல்காரனுக்கு வயிறு எரியாது?

"என்ன டீச்சர், பன்னி பாஸா ஃபெயிலா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பேன்.

"முடிஞ்சா நானே சொல்வேன்."

"அதுக்குள்ள அது கிழவியாயிடும்."

"செத்த பன்னிக்கு வயசாகாது மாஸ்டர். போய் அரிசியைப் பாருங்க."

இப்படித்தான் ஓடியது எங்கள் பிழைப்பு.

உள்ளே அவர் செய்வதை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். கறியை மசிய அரைப்பார். ஏதேதோ திராவகம் ஊற்றிக் குலுக்குவார். சுழல விடுவார், வடிகட்டுவார், வற்ற வைப்பார். அத்தனை கறியில் கடைசியாக ஒரு சொட்டு மிஞ்சும். அந்தச் சொட்டைக் கருவி குடித்துவிட்டுத் திரையில் கோடு போடும். கோடு தரையோடு தரையாகப் போனால் நான் அடுப்பைப் பற்ற வைக்கலாம். நடுவில் மேடு எழும்பினால் அந்தப் பன்றியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. சில பேராசைக்காரர்கள் சதை பிடிக்கட்டும் என்று பன்றிக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அந்தக் கறியைத் தின்ற பிள்ளையின் சிறுநீரைச் சோதித்தால் அதிலும் மேடு எழும்பும். நீ ஊசி போட்டுக்கொண்டாயா, கறி தின்றாயா என்று யாராவது கேட்டாலும், சொல்கிற பதிலை நம்ப மாட்டார்கள். எங்கள் மையத்திலேயே ஒரு ஜூடோ பையன் இருந்தான். தங்கமான பிள்ளை. வெளியே நண்பர்களோடு போய்ப் பன்றிச் சிறுநீரக சூப் குடித்துவிட்டு வந்தான், அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. இப்போது எங்கள் வாசலுக்கே பார்சல் கொண்டுவந்து கொடுக்கிறான். அவன் வந்தால் டீச்சர் கோட்டைக்கூடக் கழற்றாமல் தானே ஓடிப்போய் வாங்குவார். காவலாளியை வாங்க விடமாட்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மையத்தில் ஆய்வகம் வந்தது. டீச்சரும் வந்தார். அதற்கு முன்பு ஒரு தீவனத் தொழிற்சாலையில் மாவைச் சோதித்துக்கொண்டிருந்தாராம். "அங்க நிம்மதியா இருந்தேன். பன்னிங்க வந்து சண்டை போடாது" என்பார் என்னைப் பார்த்து.

அவர் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நல்ல மனுஷன், வாய் நிறையச் சிரிப்பார். அவரிடம் ஒருநாள் கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று. "வீட்டுல கறி எடுத்தா முதல்ல ஒரு முகர்தல், அப்புறம் ஒரு யோசனை, அப்புறம்தான் கடாய்" என்றார். "நான் டெப்போவுலயே சாப்பிட்டுட்டு வந்துடுவேன் மாஸ்டர். பசியோட வீட்டுக்குப் போற தைரியம் எனக்கில்ல."

மல்யுத்தக் கோச் கல்யாணத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விருந்து முடிந்ததும் மிச்சத்தை எல்லாரும் டப்பாவில் கட்டிக்கொண்டு போவது வழக்கம்தான், அதில் வெட்கமில்லை. டீச்சர் ஒருவர்தான் சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்பே கட்டியவர். வாத்து, மீன், பன்றிக்கால் என்று ஒவ்வொரு தட்டு வந்து இறங்கும்போதும் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து ஒரு துண்டைப் போட்டு மூடினார். பிள்ளைகள் சாப்பிடும் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். "இதையெல்லாம் சோதிக்க நாளாகும். நீங்க காய்கறி சாப்பிடுங்க" என்றார். பெண்ணின் மாமா ஒருவர் என்னிடம் வந்து, பாவம் அந்தம்மா வீட்டில் அவ்வளவு கஷ்டமா என்று விசாரித்தார். ஆமாம், நாலு வாய், ஒருத்தர் சம்பளம் என்று புளுகிவைத்தேன். அந்த நல்ல மனிதர் ஒரு முழு வாத்தையே கட்டிக் கொடுத்துவிட்டார். டீச்சர் அதையும் சோதித்தார்.

இனி சுன்யாவுக்கு வருகிறேன்.

ஷியாங் சுன்யா பளு தூக்கும் பெண். மேற்கு மலைப்பக்கம், துஜியா என்கிற மலைச்சனம். உயரம் என் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் அரிசி மூட்டையை நான் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால், "தள்ளுங்க மாஸ்டர்" என்று ஒரே தூக்காகத் தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். தேசியப் போட்டிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் போய்விடுவாள் என்று கோச் முதல் காவலாளி வரை எல்லாரும் சொன்னோம். அதற்காகவே மூன்று புத்தாண்டுக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. போனால் சாப்பிட வேண்டியிருக்கும். புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போய்க் கறி சாப்பிடாமல் திரும்பிவர எங்கள் மாகாணத்தில் பிறந்த எவனாலும் முடியாது.

அவளுக்கு ஒரே ஏக்கம், அம்மா போடும் புகைக்கறி. குளிர்கால முடிவில் பன்றியை அடித்து, உப்புத் தடவி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, ஆரஞ்சுத் தோலும் மரப்பட்டையும் போட்டு வாரக்கணக்கில் புகை காட்டுவார்கள். அதிலும் ஈரல் இவளுக்கென்று தனியாக இருக்கும். தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்த ஈரல் புராணம்தான். எனக்கு ரோஷம் வந்து, பாஸான பன்றி ஈரலை வாங்கி நானே புகை போட்டுக் கொடுத்தேன். மென்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். உங்க மேல ஒரு குறையும் இல்ல. நீங்க எங்க அம்மா இல்ல, அது ஒண்ணுதான்" என்றாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை, அந்த அம்மாவே வந்து நின்றார்.

முதுகில் மூங்கில் கூடை. கூடையில் முக்கால் பன்றி இருக்கும் போலிருந்தது. கறுகறுவென்று புகை ஏறின கறித் துண்டுகள், மேலே இலையில் சுற்றி ஈரல். பேருந்து, ரயில், மறுபடி பேருந்து என்று மாறி மாறி வந்திருக்கிறார். காவலாளி உள்ளே விடவில்லை. வெளிக் கறி வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சத்தம் கேட்டு நான் ஓடினேன், டீச்சரும் வந்தார். சுன்யா பயிற்சியிலிருந்து அப்படியே கை முழுக்கச் சுண்ணாம்புப் பொடியோடு வந்துவிட்டாள். மகளைப் பார்த்ததும் அந்தம்மா கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. இலையைப் பிரித்து ஈரலைக் காட்டினார்.

"உனக்குன்னு அப்பனுக்குக்கூடக் குடுக்கல. பாரு."

சுன்யா குனிந்து முகர்ந்தாள். அவ்வளவுதான், டீச்சர் நடுவில் கை நீட்டினார்.

"தொடாதே. கையைக் கழுவிட்டு வா."

அந்தம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா டாக்டரம்மா, பெத்த புள்ளைக்கு நான் வெசமா வெச்சிருக்கேன்?"

"உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லம்மா" என்றார் டீச்சர். "எனக்குச் சந்தேகம் பன்னி மேலதான்."

"எம் பன்னி மேலயா? அது என்ன தின்னுச்சு தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கொடி, பூசணி, சோளம். கடையில ஒரு பிடி தீவனம் வாங்கிப் போடல. நான் தின்னதைவிட அது நல்லாத் தின்னுச்சு."

"சரிம்மா. ஆனா இவ அதைச் சாப்பிட முடியாது."

"எப்ப சாப்பிடுவா?"

"போட்டியெல்லாம் முடிஞ்சப்புறம்."

"அது எப்ப?"

தேர்வில் ஜெயித்தால் தேசியப் போட்டி, அதில் ஜெயித்தால் இன்னொன்று. நன்றாகத் தூக்கும்வரை அவளுக்கு முடிவே கிடையாது. அந்தம்மா கூடையை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குச் சாயந்தரம் எனக்கு ரயிலு. அதுக்குள்ள எம் மவ ஒரு வாய் சாப்புடறதை நான் பாத்துட்டுப் போவணும். அதுக்குத்தான் வந்தேன். வேற எதுக்கும் வரல" என்றார்.

சுன்யா காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கும் பெண், அம்மா பக்கம் கண்ணைத் தூக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டீச்சர், இந்தக் கூடையில ஒரு துண்டை எடுத்துச் சோதிச்சுப் பாத்தா உங்க கருவி தேஞ்சா போயிடும்?" என்று கத்தினேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை உங்க கருவி கோயிலுக்குப் போகுதா?"

டீச்சர் என்னை முறைத்தார். பிறகு குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடிங்க மாஸ்டர். உங்க சமையலறை வழியா வேணாம், பின்பக்கமா சுத்திப் போவோம்" என்றார். அவர் லீவு நாளை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் அந்தம்மாவை உட்கார வைத்தோம். கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். டீச்சர் கறியிலும் ஈரலிலும் துண்டு வெட்டி அரவை இயந்திரத்தில் போட்டார்.

"அய்யோ, மாவா அரைக்கிறாங்களே" என்றார் அந்தம்மா என்னிடம். "பல்லு போனவங்களுக்கா?"

"இல்லம்மா, கருவிக்கு. அதுக்குப் பல்லு கிடையாது."

"உப்பு பாத்து அரைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்."

நான் அவருக்கு நூடுல்ஸ் கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, குழம்பில் மிளகு போதாது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சுன்யா எங்கிருந்து வந்தாள் என்று புரிந்தது. அன்று இரவு தாயும் மகளும் மையத்து விருந்தினர் அறையில் தங்கினார்கள். டீச்சர் வீட்டுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் வரும்போது அதே கோட்டோடு உள்ளே இருந்தார்.

மதியம் கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஈரல்ல இருக்கு" என்றார். "கறியிலயும் லேசா இருக்கு. ஆண் ஹார்மோன் வகை. தடை செஞ்ச மருந்து ஊசியில இருக்கறதும் இதேதான்."

அந்தம்மா எழுந்த வேகத்தில் பெஞ்சே ஆடியது. "பொய். எம் பன்னிக்கு ஊசி போட்டேன்னா சொல்றே? ஊரைக் கூட்டிக் கேளு. சாமி சத்தியமா சொல்றேன், நான் ஒண்ணும் போடல. ஏ சுன்யா, நீயாவது சொல்லேன்."

"போட்டிருக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள் சுன்யா.

"போட்டாங்கன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார் டீச்சர். அந்தம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அம்மா, கோவப்படாம சொல்லுங்க. பன்னி ஆணா, பொண்ணா?"

"ஆணு."

"காயடிச்சதா?"

"காயடிக்காமயா வளப்பாங்க? குட்டியிலயே தியென் வந்து அடிச்சான். எங்க பக்கத்துல எல்லாப் பன்னிக்கும் அவன்தான்."

"ரெண்டையும் எடுத்தாரா?"

அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஆம்பளை முன்னால் இதையெல்லாம் கேட்கிறாளே என்பது மாதிரி இருந்தது பார்வை. "ஒண்ணுதான் எடுத்தான்" என்றார் மெல்ல. "இன்னொண்ணைத் தேடித் தேடிப் பாத்தான், கிடைக்கல. இதுக்குப் பொறப்புலயே ஒண்ணுதான்னு சொல்லி, கூலியில பாதி போதும்னு வாங்கிட்டுப் போனான்."

"அது வயித்துக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கும்மா" என்றார் டீச்சர். "சில பன்னிக்கு ஒண்ணு கீழ இறங்கறதில்ல. உள்ள இருந்துக்கிட்டே வேலை செய்யும். நீங்க ஒரு சொட்டு மருந்து போடல. பன்னியே போட்டுக்கிச்சு."

நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சுன்யாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தம்மா கொஞ்ச நேரம் எங்களை முறைத்துவிட்டு, "அதான் அந்தத் திருட்டுப் பன்னி வேலியத் தாண்டித் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பன்னிகிட்ட ஓடுச்சா" என்றார். அவ்வளவுதான், டீச்சரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் ஆடும். "வர்றேன் வர்றேன், ஊருக்குப் போயி அந்தத் தியெனை உண்டு இல்லைன்னு பண்றேன். பாதிக் கூலியையும் புடுங்கறேன்" என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, "அப்போ மருந்து இல்ல. சாப்புடலாம்" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"நாம சாப்பிடலாம்" என்றார் டீச்சர். "நீங்க, நான், மாஸ்டர், யார் வேணும்னாலும். ஒண்ணும் ஆகாது. சுன்யா சாப்பிடக் கூடாது."

"மருந்து இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"எனக்குத் தெரியும்மா. அவளைச் சோதிக்கப்போறவங்களுக்குத் தெரியாது. அவ சிறுநீர்ல இது வந்தா, பன்னிக்கு ஒண்ணு உள்ள இருந்துச்சுன்னு நான் அவங்ககிட்ட எப்படிக் காட்டுவேன்? பன்னி எங்க இருக்கு?"

"ஒரு வாய் டீச்சர்" என்றேன் நான். "ஒரே ஒரு வாய். அந்தம்மா எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. நீங்க மனுஷியா கல்லா?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போனது. "தப்பாப் போச்சுன்னா நாலு வருஷம் தடை, இவ பளுக் கம்பியைத் தொட முடியாது மாஸ்டர். அப்புறம் இவளும் வாசல்ல வந்து பார்சல் குடுப்பா. நான் போய் வாங்கணும். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றார்.

நான் போய்க் கூடையை எடுத்துவந்து அந்தம்மா பக்கத்தில் வைத்தேன்.

அந்தம்மா இலையை மறுபடி ஈரல் மேல் மூடி, நாரால் கட்ட ஆரம்பித்தார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அப்போதுதான் சுன்யா பேசினாள்.

"டீச்சர், நீங்க சாப்பிடுங்க."

"நானா?"

"எனக்குப் பதிலா. சாப்பிட்டு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. மாஸ்டர் சாப்பிட்டா எதையும் நல்லாருக்குன்னுதான் சொல்வார். நீங்க உள்ளதைச் சொல்வீங்க." அம்மாவின் கையிலிருந்த நாரை மெல்ல வாங்கினாள். "அம்மா சமைக்கட்டும். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

என் சமையலறையில் அந்தக் கறி நுழையக் கூடாது, கடாயில் ஒட்டிக்கொள்ளும் என்றார் டீச்சர். அதனால் எல்லாரும் மையத்துக் குடியிருப்பில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். ஓட்டுநர் லீவில் இருந்தார். கூடையைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தம்மா யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. கறியைச் சுடுதண்ணீரில் கழுவி, ஈரலைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி, காய்ந்த மிளகாயும் பூண்டுத் தாளும் போட்டுப் பிரட்டினார். வீடு முழுக்க வாசனை. எனக்கே வாயில் எச்சில் ஊறியது. இத்தனை வருஷம் கரண்டி பிடித்தவன் நான். நான் புகை போட்டுக் கொடுத்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

சுன்யாவுக்கு என் சமையலறையிலிருந்து அரிசி நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தேன். ஒரு முட்டை, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். கிண்ணம் தனி, குச்சி தனி. தட்டிலிருந்து அவளுக்கு எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதையும் டீச்சர்தான் சொன்னார்.

டீச்சர் ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்தோம்.

"உப்பு அதிகம்" என்றார்.

"எப்பவும் அதிகம்தான்" என்றாள் சுன்யா. "அப்புறம்?"

"கொழுப்பு வழுக்கிக்கிட்டுப் போகுது. தோல் கொஞ்சம் ரப்பர் மாதிரி."

"ஆமா, அது நல்லாருக்கும். மெல்லணும். அப்புறம்?"

"லேசா ஆண் பன்னி வாடை அடிக்குது."

"அடிக்காது" என்றார் அந்தம்மா.

"அடிக்குதும்மா. புகை அதை அமுக்கியிருக்கு. நான் மூக்கை வெச்சுப் பிழைக்கிறவ."

சுன்யா கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நூடுல்ஸை உறிஞ்சினாள். ஓட்டுநர் எதைப் பற்றியும் கவலைப்படாமல் மூன்றாவது கிண்ணம் சோறு போட்டுக்கொண்டார். நானும் சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

அந்தம்மா மட்டும் சாப்பிடவில்லை. தட்டையே துழாவிக்கொண்டிருந்தார். ஈரலில் நல்ல துண்டாக ஒன்றைத் தேடி எடுத்தார். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று. பேச்சுவாக்கில் அதைக் குச்சியில் பிடித்து, கீழே சிந்தாமல் இடதுகையை அடியில் கொடுத்து, மேசைக்குக் குறுக்கே நீட்டினார். இத்தனை வருஷமும் அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சுன்யாவும் பேசிக்கொண்டே வாயைத் திறந்துவிட்டாள்.

டீச்சர் பாதி எழுந்தார். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

அந்தம்மா கை நடுவிலேயே நின்றுவிட்டது. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுன்யா வாயை மூடவில்லை. வாங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அந்தம்மா கையை மெதுவாகத் திருப்பி, அந்தத் துண்டைக் கொண்டுபோய் டீச்சரின் வாயில் வைத்தார்.

டீச்சர் அப்படியே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் மென்றார். மூக்கு சிவந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மிளகாயைத் தின்றே வளரும் எங்கள் மாகாணத்தில் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

"எப்படி இருக்கு டீச்சர்?" என்றாள் சுன்யா.

உப்பு எவ்வளவு, வாடை எவ்வளவு என்று எதையும் டீச்சர் சொல்லவில்லை. "நல்லா இருக்குடி" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு."

சுன்யா தலையாட்டினாள். கிண்ணத்தைத் தூக்கி மிச்சம் இருந்த சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அந்தம்மா மிச்சக் கறியை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, காலிக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்று மகளைக் கேட்டார்.

"வயிறு ரொம்புச்சா?"

"ரொம்பிருச்சும்மா" என்றாள் சுன்யா.